வேலூர்க் கிழக்கு மலைகளில் ஏறிப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரைப் பற்றி ஒரு பழைய சொலவடை உண்டு. நீரில்லா ஆறு, மரமில்லா மலை, சாமியில்லா கோவில், ராஜா இல்லா கோட்டை. இன்னும் இரண்டு மூன்று சேர்த்துச் சொல்வார்கள், அவற்றை நான் சொல்லமாட்டேன். ஊருக்கு வரும் உறவுக்காரர்கள், ஆஸ்பத்திரிக்கு யாரையோ கூட்டி வந்து பத்து நாள் லாட்ஜில் தங்கியிருப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரை விடியற்காலையில் கிழக்கு மலைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை.

எந்த மலையைச் சொல்கிறீர்கள்?

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்று கிழக்கே பார்த்தால் ஊரின் முதுகுபோல நிற்கிறதே, அந்த மலைவரிசைதான். சஜ்ஜரா, குஜ்ஜரா, முர்தசா என்று மூன்று சின்னக் கோட்டைகள் அதன் உச்சிகளில் இருக்கின்றன. எழுத்துக்கு எழுத்து வித்தியாசமாகவும் சொல்வார்கள், சஜ்ஜராவ், குஜ்ஜராவ் என்றும் கேட்டிருப்பீர்கள். ஊரில் பாதிப் பேருக்குப் பெயர் தெரியாது. "மலைக்கோட்டை" என்று கேட்டால் வழி காட்டிவிடுவார்கள்.

கீழேயே பெரிய கோட்டை இருக்கும்போது மேலே எதற்குக் கோட்டை?

கீழே இருக்கும் கோட்டை 16ஆம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சிக்காலத்தில், சின்ன பொம்மி நாயக்கர் காலத்தில் எழுந்தது. கருங்கல் மதில், சுற்றிலும் அகழி, உள்ளே போக ஒரே வாசல். தரையில் இருந்து வரும் எதிரிக்கு அது பெரிய தலைவலி.

1677இல் சிவாஜி தெற்கே வந்தார். செஞ்சியைப் பிடித்துவிட்டு வேலூரை முற்றுகையிட்டார். உள்ளே பீஜப்பூர் சுல்தானின் தளபதி அப்துல்லா கான். நேராக மோதி ஆகாது என்று தெரிந்ததும் மராட்டியர் கண் கிழக்கே இருந்த மலைகள்மேல் விழுந்தது. உச்சியில் மதில் எழுப்பி, சஜ்ஜரா, குஜ்ஜரா என்று பெயர் வைத்து, அங்கிருந்து கோட்டையை நோக்கிச் சுட்டார்கள். சிவாஜி ஊர் திரும்பிய பிறகும் அவருடைய படை இங்கேயே கிடந்தது. ஒரு வருஷத்துக்கும் மேல் இழுத்து, 1678இல்தான் கோட்டை கைமாறியது.

உச்சியில் நின்றால் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மதிலுக்குள் எது எங்கே இருக்கிறது என்று உள்ளங்கையில் வைத்த மாதிரி தெரியும். கீழே அகழிக்கரையில் நிற்கும்போது அந்த மதிலைப் பார்த்தால் பயமாக இருக்கும். மேலிருந்து பார்க்கும்போது, உள்ளே மாட்டிக்கொண்டவர்களை நினைத்து எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு கனக்கும். ஒரு வருஷத்துக்கும் மேல், தினமும், தலைக்கு மேலே எதிரியின் கொடி.

மேலே ஏறினால் என்னதான் தெரியும்?

அந்தச் சொலவடையில் இருக்கிற எல்லாமே தெரியும். அதற்காகத்தான் ஏறச் சொல்கிறேன். கீழே தெருத்தெருவாகப் பார்க்கும்போது அந்தச் சொலவடை உண்மை போலவே இருக்கும். மேலிருந்து எல்லாவற்றையும் ஒரே பார்வையில் சேர்த்துப் பார்த்தால் அதில் பாதிதான் நிற்கும்.

முதலில் ஆறு. வடக்கே வெள்ளையாக அகன்று கிடப்பது பாலாறு. கர்நாடகத்து நந்தி மலைப்பக்கம் பிறந்து, ஆந்திராவில் கொஞ்ச தூரம் ஓடி, நம் பக்கம் 222 கிலோமீட்டர் வந்து கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. மொத்த நீளம் 348 கிலோமீட்டர். பெரும்பாலான மாதங்களில் மணல்தான் தெரியும், அதை மறைக்க முடியாது. ஆனால் அந்த மணலுக்கு அடியில் ஓடும் ஊற்றுநீரை நம்பித்தான் கரையோர ஊர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்துப் பயிர் செய்தன. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனபோது பாலத்தின்மேல் நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். வயதானவர்கள் சிலர் கண் கலங்கி நின்றார்கள்.

அப்புறம் கோவில். கோட்டைக்குள் கோபுரம் தலை நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் ஜலகண்டேஸ்வரர். படையெடுப்புக் காலத்தில் லிங்கத்தை வெளியே கொண்டுபோய்விட்டார்கள், கோவில் ஆயுதக்கிடங்காகவும் இருந்தது. நூற்றாண்டுக் கணக்கில் கருவறை வெறுமையாகவே கிடந்ததால் "சாமியில்லா கோவில்" என்ற பேச்சு வந்தது. 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து ஊர் மக்கள் மறுபடி வைத்தார்கள். ஆக, சொலவடையின் அந்தத் துண்டு பொய்யாகி 40 வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது. இருந்தும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறோம்.

ராஜா விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு விஜயநகரத்தின் கடைசி அரச வம்சமான அரவீடு அரசர்கள் பெனுகொண்டா, சந்திரகிரி என்று நகர்ந்து வேலூரிலும் இருந்து ஆண்டார்கள். ஆக, ராஜா இருந்த கோட்டைதான் இது. பிறகு ஆங்கிலேயர் கையில் ராஜாக்களை அடைத்துவைக்கும் இடமாக மாறியது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்த பிறகு திப்புவின் பிள்ளைகளையும் குடும்பத்தையும் இங்கே வைத்தார்கள். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் இங்கே சிறையிருந்து 1832இல் இறந்தார். அவருடைய சமாதியான முத்து மண்டபம் பாலாற்றுப் பக்கம் இருக்கிறது.

மேலிருந்து ஆற்காடு போகும் திசையையும் பாருங்கள். 1806 ஜூலை 10 விடிவதற்குள் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்தார்கள். புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது என்று போட்ட உத்தரவுகள் அவர்களைக் கொதிக்க வைத்திருந்தன. திப்புவின் புலிக்கொடி கோட்டையில் ஏறியது. சேதி போய்ச் சேர்ந்ததும் கில்லெஸ்பி என்ற அதிகாரி ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்தது இந்தக் கிழக்குத் திசையிலிருந்துதான். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது, நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். 1857க்கு 51 வருஷம் முந்தி நடந்தது இது. பாடப்புத்தகத்தில் படித்ததைவிட, அந்தத் திசையை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட்டால் மறக்காது.

மரமில்லா மலை என்பதற்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் கிடையாது. பாறையும் முள்ளும்தான் அதிகம். ஆனால் மழை முடிந்த மாதங்களில் வந்து பாருங்கள், பாறை இடுக்கெல்லாம் பச்சைதான். சீத்தாப்பழச் செடிகள், சப்பாத்திக்கள்ளி, இடுப்பளவு புல் எல்லாம் கண்ணில் படும்.

எந்த மாதம், எத்தனை மணிக்கு?

நவம்பர் பாதிக்கு மேல் மழை விட்ட நாட்கள், டிசம்பர், ஜனவரி. பிப்ரவரி நடுவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மார்ச்சிலிருந்து புல் காய்ந்து தீப்பிடிக்கிற காலம். மே 4 முதல் 28 வரை கத்திரி வெயிலில் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். வேலூரில் அந்த நாட்களில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அது நிழலில் அளக்கும் கணக்கு, மொட்டைப் பாறையின் மேல் அதைவிட மோசம். பாறை பகலெல்லாம் சூட்டைக் குடித்துவைத்து இருட்டின பிறகும் கக்கும், அதனால் கோடையில் சாயங்காலம் ஏறுவதும் உதவாது.

நேரத்துக்கு விடியற்காலைதான். வெளிச்சம் வந்ததும் கிளம்பி, எட்டரை ஒன்பதுக்குள் கீழே வந்துவிடுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. மலை ஊருக்குக் கிழக்கே இருப்பதால் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் எழும்பும். அப்போது மலையின் நிழல் ஊர்மேல் நீளமாகப் படுத்திருக்கும். வெயில் ஏற ஏற அந்த நிழல் ஒவ்வொரு தெருவாக விட்டு அடிவாரத்தை நோக்கிச் சுருங்கி வரும். முதலில் தூரத்து வீடுகள், பிறகு கோட்டை, அகழித் தண்ணீர் என்று வெளிச்சம் நம்மை நோக்கி நடந்து வருகிற மாதிரி இருக்கும். அந்தப் பதினைந்து நிமிடத்துக்காகத் தூக்கத்தை விடலாம்.

எவ்வளவு நேரம் ஆகும்? ரொம்பக் கஷ்டமா?

பழகிய கால் என்றால் முக்கால் மணி, பழகாதவர்களுக்கு உட்கார்ந்து எழுந்து ஒன்றேகால் மணிவரை ஆகலாம். படிக்கட்டு, கைப்பிடி எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ஒற்றையடிப் பாதை, பாறைச்சரிவு, நடுநடுவே காலடியில் உருளும் சரளை. ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் பலருக்கும் சிரமம் இறங்கும்போதுதான். உதிரிச் சரளையில் குதிகால் வழுக்கி உட்கார்ந்துவிடுவார்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, குட்டி அடியாக வைத்து, பக்கவாட்டில் இறங்குங்கள். செருப்பு வேண்டாம், பழைய ஷூ போதும்.

அனுமதி வாங்க வேண்டுமா?

கேட்டுவிட்டுப் போங்கள். காப்புக்காடாக இருக்கும் இடத்தில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். எல்லை எங்கே தொடங்குகிறது என்று நமக்குத் தெரியாது. வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்பதற்கு ஒன்றும் செலவில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் தீக்காலத்தில் இஷ்டத்துக்கு மலையேறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மேலே பீடி, சிகரெட், கற்பூரம், அடுப்பு எதுவும் வேண்டாம்.

அரசே 2024இல் ஆன்லைனில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகிற 40 மலைப்பாதைகளைத் திறந்திருக்கிறது. காட்டுப்பாதையில் முழு நாள் நடக்க ஆசைப்படுபவர்கள் அந்த வழியில் போவது நல்லது.

என்ன எடுத்துப் போக வேண்டும்?

தண்ணீர். ஆளுக்கு இரண்டு லிட்டர், சின்னப் பிள்ளைக்கும் தனியாக ஒரு லிட்டர். மேலே கடை கிடையாது, குடிக்கக்கூடிய தண்ணீரும் கிடையாது.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷம் முன்னால் ஏப்ரல் மாதம், என் சித்தப்பா மகன் லீவுக்கு வந்திருந்தான். எட்டு மணிக்குக் கிளம்பினோம், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பாட்டில். மேலே போய் உட்கார்ந்ததும் அவனுக்கு வேர்வை நின்றுபோயிற்று. உடம்பு கொதித்தது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னான். ஒரு பாறை நிழலில் படுக்கவைத்து, மிச்சமிருந்த தண்ணீரில் துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தேன். கீழே இருந்து இரண்டு ஆடு மேய்க்கிற அண்ணன்கள் குடத்தோடு வந்து தூக்கி இறக்கினார்கள். பிழைத்துக்கொண்டான். அன்றைக்கு நான் செய்தது தப்பு, அந்தத் தப்பை இன்னொருவர் செய்யக்கூடாது.

வேர்வை நிற்பது, பேச்சு குழறுவது, வாந்தி, நடை தள்ளாடுவது இவற்றில் ஒன்று வந்தாலும் வேடிக்கை பார்க்காமல் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பைக் குளிர வையுங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு, எலுமிச்சம்பழம், ஒரு துண்டு, தொப்பி, விசில் பையில் இருக்கட்டும்.

பாம்பு இருக்குமா?

இருக்கும். பாறையும் புல்லும் வெயிலும் சேர்ந்த இடம், அதன் வீட்டுக்கு நாம்தான் போகிறோம். இந்தப் பக்கத்தில் அதிகம் கவனிக்க வேண்டியது சுருட்டை விரியன். ஒரு சாண் ஒன்றரைச் சாணில் மண் நிறத்தில் இருக்கும், கல் இடுக்கில் சுருண்டு கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் ஏறும்போது கண்ணால் பார்க்காத இடுக்கில் கை வைக்காதே என்று பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்வேன். கையில் ஒரு குச்சி வைத்துத் தரையைத் தட்டிக்கொண்டு நடங்கள்.

கடித்துவிட்டால் கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதையும் செய்யாதீர்கள். இறுக்கிக் கட்டி விரலையே இழந்தவர்கள் உண்டு. மோதிரம், வாட்ச், கொலுசைக் கழற்றிவிடுங்கள், வீக்கம் வந்தால் அதுவே இறுக்கும். கடிபட்ட கை காலை அசைக்காமல் ஒரு குச்சியோடு சேர்த்து லேசாகக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக் கொண்டுபோங்கள். மந்திரிப்பவரிடம் போய் நேரத்தை விடாதீர்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான் நம் நாட்டில் கொடுக்கிறார்கள், அது அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிய அவசியமும் இல்லை. அந்த மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பதில் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பாம்பு கடித்து யாரோ ஒருவர் உயிர் தப்பினாரென்றால் அதில் அந்த மக்களின் கைத்திறமையும் இருக்கிறது.

குரங்கு, தேனீ?

குரங்குக்கு எதுவும் கொடுக்காதீர்கள், பிளாஸ்டிக் கவரைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள். பாறை முகட்டுக்கு அடியில் மலைத்தேன் அடை தொங்கினால் சத்தம் போடாமல் சுற்றிப் போங்கள். சென்ட் போட்டுக்கொண்டு வரவேண்டாம்.

மழைநாளில் போகலாமா?

வேண்டாம். ஈரப்பாறையில் பாசி எண்ணெய் மாதிரி வழுக்கும். மழை விட்ட மறுநாளும் பொறுங்கள், மண் இளகின இடத்தில் பாறை உருளும். 2024 டிசம்பரில் புயல்மழையின்போது திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏற்பட்டு ஒரு வீட்டோடு ஏழு பேர் புதைந்துபோனார்கள். நமக்கு அடுத்த ஊர், அதுவும் பழைய வட ஆற்காடுதான். இடி கேட்டால் உச்சியில் நிற்காமல் உடனே இறங்குங்கள்.

அம்மா, அப்பாவுக்கு 65 வயது. அவர்களையும் கூட்டிப் போகலாமா?

மலைக்கோட்டைக்கு வேண்டாம். அவர்களுக்குப் படி உள்ள மலை சரி. வேலூரைச் சுற்றி அப்படிப்பட்ட மலைக்குப் பஞ்சமே இல்லை.

ரத்தினகிரி முருகன் கோவில் பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. வள்ளி பிறந்த இடம் என்று சொல்லும் வள்ளிமலை காட்பாடி தாண்டி மேல்பாடி பக்கம். அங்கே பாறையில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழமையான சமணச் சிற்பங்களும் உண்டு. முருகனைக் கும்பிட வருகிறவர்களில் பலர் அவற்றைப் பார்க்காமலே இறங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் தேடிப் பாருங்கள்.

சோளிங்கர் பெரியமலையில் 1305 படி. ஏற முடியாதவர்களுக்காக 2024இல் ரோப் கார் வந்துவிட்டது. யோக நரசிம்மரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் எதிரே ஆஞ்சநேயர் இருக்கும் சின்னமலை தெரியும். கார்த்திகை மாதம் நரசிம்மர் கண் திறக்கிறார் என்ற நம்பிக்கையில் அந்த மாதம் முழுக்கக் கூட்டம் நெரியும். வயதானவர்களோடு போவதென்றால் வேறு மாதத்தில், அதுவும் வாரநாளில் போங்கள்.

முழங்கால் வலி, இதயப் பிரச்சினை, சர்க்கரை உள்ளவர்கள் எந்த மலைக்கும் முன்னால் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரைக்காரர் வெறும் வயிற்றில் ஏறக்கூடாது.

தனியாகப் போகலாமா?

யாராக இருந்தாலும் வேண்டாம். காலில் சுளுக்கு விழுந்தால் தகவல் சொல்லவாவது ஒருவர் வேண்டும். நான்கு பேர் நல்ல கணக்கு. ஒருவர் அடிபட்டவரோடு இருப்பார், இரண்டு பேர் கீழே ஓடுவார்கள். விடிவதற்கு முன்னாலும் இருட்டின பிறகும் மேலே இருக்காதீர்கள்.

உச்சியிலிருந்து கடல் தெரியுமா?

இது என் அண்ணன் பேத்தி கேட்டது. அவள் அப்பாவுக்கு விசாகப்பட்டினத்தில் வேலை. அங்கே மலையில் நின்றால் துறைமுகமும் கப்பலும் தெரியும், இங்கே ஏன் தெரியவில்லை என்றாள்.

தெரியாது, கண்ணே. பூமி உருண்டை. 300 மீட்டர் உயரத்தில் நின்றாலும் அடிவானம் 60 கிலோமீட்டர் தூரத்துக்குத்தான் எட்டும். நமக்குக் கடல் 100 கிலோமீட்டருக்கும் அப்பால். விசாகப்பட்டினத்தில் மலை கடலுக்குள்ளேயே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது, அதனால்தான் அதற்கு டால்பின் மூக்கு என்று பெயர். துறைமுக வாய்க்கு மேலே நிமிர்ந்து நிற்கும், கலங்கரை விளக்கமும் உண்டு. கடற்படைக்குப் பக்கத்து இடம் என்பதால் அன்றைக்கு எதுவரை விடுகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். இல்லையென்றால் நகரத்து வடபக்கம் கைலாசகிரிக்கு ரோப் கார் இருக்கிறது, கடற்கரை வளைவு முழுக்கத் தெரியும். அங்கே காற்றில் ஈரம் அதிகம், வேர்வை காயாது, வேலூரைவிட வெயில் குறைவு என்று நினைத்துத் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள்.

மேலே புதையல் இருக்கிறதாமே?

இல்லை. இருக்கிறது என்று நம்பித் தோண்டியவர்களால் மதில் கல் பெயர்ந்து கிடப்பதுதான் இருக்கிறது. பெயர் செதுக்குவது, பெயின்டில் இதயம் வரைவது, பாட்டில் உடைப்பது, இவற்றையெல்லாம் பார்க்கும்போது வயிறு எரிகிறது. 1677இல் கல் சுமந்து ஏறியவன் எவனென்று யாருக்கும் தெரியாது, அவன் தன் பெயரை எழுதிவிட்டுப் போகவில்லை. கொண்டுபோன பாட்டிலையும் பிஸ்கட் கவரையும் திரும்பக் கொண்டுவாருங்கள். மதில்மேல் ஏறி நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம், கல் சாந்து விட்டுப்போயிருக்கிறது.

இறங்கின பிறகு?

தள்ளுவண்டியில் கேழ்வரகுக் கூழ் குடியுங்கள். மோர்மிளகாயும் மாங்காய்த் துண்டும் தருவார்கள். ஏறி இறங்கின உடம்புக்கு அந்த உப்பும் மோரும்தான் முதலில் வேண்டும், பிரியாணியை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கூழ் குடித்த கையோடு கோட்டைக்கும் போய்விடுங்கள். ஜலகண்டேஸ்வரர் கோவில் கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பார்த்த பிறகு, மதில்மேல் போக விடும் பக்கமாக ஏறிக் கிழக்கே திரும்புங்கள். காலையில் நீங்கள் உட்கார்ந்திருந்த பாறை தெரியும். அங்கே யாராவது நடமாடினால் அதுகூடச் சின்னப் புள்ளியாகக் கண்ணில் படும். அப்துல்லா கானின் காவற்காரர்கள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தது அந்த இடத்தைத்தான்.